காட்டுநாய்க்காக ஒயின் விற்கும் சிறு ஆலைகள்: காசு உண்மையில் காட்டுக்குப் போய்ச் சேருகிறதா?

#1 மழைக்குருவி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்ச நாளாக மனத்தில் உருண்டுகொண்டிருக்கும் ஒன்றை இங்கே வைக்கிறேன்.

தென்னாப்பிரிக்காவின் பார்ல் பகுதியில் 'பெயின்டட் வுல்ஃப் ஒயின்ஸ்' என்று ஒரு சிறிய ஒயின் நிறுவனம். போட்ஸ்வானாவின் காட்டுப் பக்கம் வேலை பார்த்துவிட்டு வந்த ஒரு தம்பதி தொடங்கியது. பெயரில் வரும் 'வண்ண ஓநாய்' வேறொன்றும் இல்லை, ஆப்பிரிக்கக் காட்டுநாய்தான். விற்பனையில் ஒரு பங்கை அந்த நாய்களைக் காப்பாற்றும் அமைப்புகளுக்குக் கொடுக்கிறார்கள்.

இந்த நாயைப் பார்த்திராதவர்களுக்கு: கறுப்பு, மஞ்சள், வெள்ளை என்று திட்டுத் திட்டாகச் சாயம் கொட்டியது போன்ற உடல், வட்டமான பெரிய காதுகள், முன்னங்காலில் நான்கே விரல்கள். செந்நாயைப் போலவே கூட்டமாக வேட்டையாடும், ஆனால் வேறு பேரினம். 1990 முதல் ஐ.யு.சி.என். (இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம்) பட்டியலில் அழியும் அபாயத்தில் உள்ள விலங்கு. 2012 மதிப்பீட்டின்படி சுமார் 6,600 வளர்ந்த நாய்கள், அதுவும் 39 துண்டு துண்டான கூட்டத்தொகைகளாகச் சிதறி. கூட்டத்தில் பெரும்பாலும் தலைமை இணை மட்டுமே குட்டி போடும் என்பதால், இனப்பெருக்கம் செய்யும் நிலையில் இருப்பவை என்று கணக்கிட்டால் 1,400 தான் வரும்.

என் கேள்வி இதுதான். ஆண்டுக்கு ஒரே ஒரு அறுவடையை நம்பி ஓடும் ஒரு சிறு ஆலை கொடுக்கும் பணம் இப்படிப்பட்ட விலங்குக்கு எந்த அளவுக்கு உதவும்? உதவும் என்று நான் நம்புகிறேன். ஆனால் எப்படி என்று எனக்கே தெளிவாகச் சொல்ல வரவில்லை. களத்தில் வேலை பார்த்தவர்களும் ஒயின் தொழிலில் இருப்பவர்களும் இங்கே இருக்கிறீர்கள். விளக்குங்கள்.

#2 செங்கால்நாரை

நல்ல இழை, மழைக்குருவி. ஆனால் எனக்குச் சந்தேகம் உண்டு, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

லேபிளில் விலங்குப் படம் போட்டால் பாட்டில் நன்றாக விற்கும். இது ஒயின் வணிகத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். 'ஒரு பங்கு வனவிலங்குகளுக்கு' என்ற வரியைப் பார்த்ததும் நான் முதலில் தேடுவது, விற்பனையில் ஒரு பங்கா, லாபத்தில் ஒரு பங்கா என்பதைத்தான். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். லாபத்தில் பங்கு என்றால், லாபமே வராத ஆண்டில் கொடுக்க வேண்டியது பூஜ்யம். 2002-ல் தொடங்கிய 'ஒன் பெர்சென்ட் ஃபார் த பிளானட்' அமைப்பு விற்பனையில் 1 விழுக்காடு என்று வைத்ததற்குக் காரணமே இதுதான். லாபத்தைக் கணக்கில் எப்படி வேண்டுமானாலும் சுருக்கிக் காட்டலாம், விற்பனையை அப்படிச் செய்ய முடியாது.

இரண்டாவது, பணம் வாங்கும் அமைப்பின் பெயர் வெளிப்படையாக இருக்க வேண்டும். பெயர் இல்லாமல் 'வனவிலங்குப் பாதுகாப்புக்கு' என்று மட்டும் எழுதியிருந்தால் நான் நம்ப மாட்டேன்.

#3 வேர்த்தூவி

சில ஆண்டுகள் ஊனுண்ணி விலங்கு ஆய்வுக் குழுக்களோடு இருந்திருக்கிறேன். அதனால் பணம் எங்கே போகும் என்று சொல்ல முடியும்.

காட்டுநாய்க்கு இடம் அதிகம் வேண்டும். ஒரு கூட்டம் சுற்றிவரும் பரப்பு நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டர். பூங்காவின் எல்லை அதற்குத் தெரியாது. வெளியே போனால் முதலில் சந்திப்பது கண்ணி. மான் வகைகளைப் பிடிக்க வைத்த சுருக்குக் கம்பியில் நாயின் கழுத்து மாட்டும். அறுத்துக்கொண்டு ஓடினாலும் கம்பி கழுத்திலேயே இறுகிக்கொண்டு போகும். அதை மயக்க ஊசி போட்டுத்தான் எடுக்க வேண்டும். அதற்கு வண்டி வேண்டும், டீசல் வேண்டும், கால்நடை மருத்துவர் வேண்டும், நாய் எங்கே இருக்கிறது என்று காட்ட ரேடியோ காலர் வேண்டும்.

அடுத்தது நோய். வெறிநோயும், டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயும் வீட்டு நாய்களிடமிருந்து தொற்றும். ஒன்றை ஒன்று நக்கி, ஒட்டி உறவாடி வாழும் விலங்கு இது. ஒன்றுக்கு வந்தால் கூட்டமே போய்விடும். தான்சானியாவின் செரெங்கெட்டியில் ஆய்வு செய்துவந்த கூட்டங்கள் 1991-க்குள் மறைந்துபோனதில் வெறிநோய்க்குப் பங்கு உண்டு. அதனால் பூங்காவைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் வீட்டு நாய்களுக்குத் தடுப்பூசி போடுவதே காட்டுநாயைக் காக்கும் வழிகளில் ஒன்று.

அப்புறம் தென்னாப்பிரிக்காவுக்கே உரிய ஒரு வேலை. அங்கே க்ரூகர் பூங்காவைத் தவிர, தன்னாலேயே நிலைத்து நிற்கும் பெரிய கூட்டத்தொகை கிடையாது. அதனால் வேலி போட்ட சிறு காப்பகங்கள் பலவற்றில் கூட்டங்களை வைத்து, அவ்வப்போது நாய்களை ஒரு காப்பகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிறார்கள். இயற்கையில் இளம் நாய்கள் பிறந்த கூட்டத்தை விட்டுப் போய் வேறு கூட்டம் அமைக்கும். வேலிக்குள் அது நடக்காது, நெருங்கிய உறவுக்குள் கலப்பு வந்துவிடும். அதைத் தடுக்க மனிதர்கள் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகிறார்கள். 1990-களின் கடைசியில் தொடங்கியது, இன்றுவரை ஓடுகிறது. இது என்றைக்கும் முடியாத வேலை, கவனியுங்கள்.

இங்கேதான் சிறு ஆலையின் பணம் உதவும். பெரிய நன்கொடையாளர்கள் இரண்டு, மூன்று ஆண்டுத் திட்டத்துக்குக் கொடுப்பார்கள். புதிதாக ஏதாவது செய்தால்தான் கொடுப்பார்கள். காலருக்கு பேட்டரி மாற்ற, டயர் வாங்க, காப்பாளருக்குச் சம்பளம் கொடுக்க யாருக்கும் ஆர்வம் இருக்காது. ஆண்டுதோறும் தவறாமல் வரும் சிறு தொகைதான் அந்த ஓட்டையை அடைக்கிறது. நான் இருந்த ஒரு குழுவில், பெரிய மானியம் நின்றுபோன ஆண்டில் இரண்டு வண்டிகளை நிறுத்திவிட்டு ஒரே வண்டியில் ஓடினோம். அந்தப் பருவத்தில் கண்ணியில் மாட்டிய ஒரு பெண் நாயைத் தேடிக் கண்டுபிடிக்க ஐந்து நாள் ஆனது. கண்டபோது உயிர் இல்லை. அதை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

#4 அல்லி

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது, வேர்த்தூவி.

இடையில் ஒரு சின்னக் கேள்வி. இந்த நாய்கள் தும்மி வாக்களிக்கும் என்று எங்கோ படித்தேன். உண்மைதானா?

#5 வேர்த்தூவி

உண்மைதான், அல்லி. போட்ஸ்வானாவில் பார்த்து 2017-ல் வெளியிட்ட ஆய்வு. ஓய்வெடுத்த பிறகு எழுந்து ஒன்றோடொன்று குலாவும். அப்போது வேட்டைக்குக் கிளம்பலாமா வேண்டாமா என்பது தும்மல்களின் எண்ணிக்கையைப் பொறுத்து அமைகிறது. தலைமை நாய் முன்கை எடுத்தால் மூன்று தும்மல் போதும். கீழ்நிலையில் உள்ள நாய் தொடங்கினால் பத்து அளவுக்குத் தேவைப்படும்.

#6 தக்கைமரம்

நன்கொடை பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது நிலம்.

திராட்சைத் தோட்டம் என்பது அழித்த இயற்கையின் மேல்தான் நிற்கிறது. தென்னாப்பிரிக்க ஒயினில் பெரும்பகுதி வருவது கேப் மலர்ப் பிரதேசத்திலிருந்து. சுமார் 9,000 தாவர இனங்கள், அவற்றில் ஏறக்குறைய 70 விழுக்காடு உலகில் வேறெங்கும் இல்லாதவை. 2004-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம். அங்கே தாழ்நிலத்து ரெனோஸ்டர்வெல்ட் என்ற புதர்க்காட்டில் பெரும்பகுதியை ஏற்கெனவே உழுதுவிட்டார்கள். அந்தப் புதர்களில் மட்டும் வாழும் ஜியோமெட்ரிக் ஆமை இன்று மிக ஆபத்தான நிலையில் இருக்கிறது. ஓட்டில் மஞ்சள் கதிர்கள் நட்சத்திரம் மாதிரி விரிந்திருக்கும், கையளவு ஆமை. அதற்கு ஆண்டு நன்கொடை எவ்வளவு கொடுத்தாலும் புதர் இல்லாவிட்டால் வாழ இடம் இல்லை.

அதே 2004-ல் அங்கே ஒயின் துறையும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகளும் சேர்ந்து பல்லுயிர் மற்றும் ஒயின் முயற்சி என்ற ஒன்றைத் தொடங்கினார்கள். பிறகு அது டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் 'கன்சர்வேஷன் சாம்பியன்ஸ்' திட்டமாக மாறியது. நிபந்தனை எளிமையானது. மிச்சமிருக்கும் காட்டுத் துண்டை உழக்கூடாது. பைன், வேட்டில், யூகலிப்டஸ் போன்ற அயல் மரங்களை வெட்டி எடுக்க வேண்டும். ஓடைக் கரையை விட்டுவிட வேண்டும். சில ஆண்டுகளிலேயே திராட்சை நட்டிருந்த பரப்புக்கு ஈடாக ஒதுக்கிய பரப்பும் வந்துவிட்டது. அயல் மரம் வெட்டுவது படத்தில் அழகாக இருக்காது. ஒருமுறை வெட்டினால் போதாது, விதை மண்ணில் கிடந்து திரும்பத் திரும்ப முளைக்கும். வெர்கெலெகன் போன்ற பெரிய பண்ணைகளே இதற்குப் பல ஆண்டுகள் செலவழித்திருக்கின்றன.

ஆகவே என் அளவுகோல் வேறு. ஒரு ஆலை எத்தனை பாட்டிலுக்கு எவ்வளவு கொடுக்கிறது என்று கேட்பதற்கு முன், தன் நிலத்தில் எவ்வளவு நடாமல் விட்டிருக்கிறது என்று கேட்பேன்.

#7 செங்கால்நாரை

தக்கைமரம் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் திராட்சையை வெளியே வாங்கி ஒயின் மட்டும் செய்யும் சிறு ஆலைகளுக்குச் சொந்த நிலமே இருக்காது. அவர்களிடம் இதை எப்படிக் கேட்பது?

#8 தக்கைமரம்

யாரிடம் திராட்சை வாங்குகிறீர்கள், அவர்கள் நிலத்தை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று கேட்கலாம். திராட்சை விற்கும் விவசாயிக்கு, வாங்குபவர் கேட்டால்தான் மாறக் காரணம் இருக்கும்.

#9 கடற்காகம்

நியூசிலாந்துக் கதையை யாரும் சொல்லவில்லையே. எனக்கு மிகவும் பிடித்தது இது.

அங்கே காரேயாரேயா என்ற வல்லூறு உண்டு, அந்நாட்டுக்கே உரிய இனம், எண்ணிக்கை குறைந்து ஆபத்தில் இருப்பது. மலைப்பக்கம் தரையிலேயே கூடு வைக்கும் பழக்கம் உள்ளதால் ஸ்டோட் என்ற சிறு ஊனுண்ணிகளும் பூனைகளும் குஞ்சுகளைத் தின்றுவிடும். 2005-ல் மார்ல்பரோவில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். மலையிலிருந்து குஞ்சுகளை எடுத்துவந்து திராட்சைத் தோட்டங்களில் வளர்த்து விட்டார்கள். தோட்டக்காரருக்கு என்ன லாபம் என்றால், அங்கே திராட்சையைத் தின்பவை ஐரோப்பாவிலிருந்து வந்த கரும்பறவை, பாடும் திரஷ், ஸ்டார்லிங் போன்றவை. வல்லூறு இருந்த தோட்டங்களில் பறவைகள் கொண்டுபோன திராட்சை, இல்லாத தோட்டங்களைவிட 95 விழுக்காடு குறைவு என்று 2012-ல் வந்த ஆய்வு சொன்னது. கூட்டில் கேமரா வைத்துப் பார்த்ததில், கூடுதல் தீனியும் கிடைத்த தோட்டத்து இணைகள் மலையில் இருந்தவற்றைவிடக் குஞ்சுகளை அதிக நேரம் கவனித்துக்கொண்டன, அதிகமாக இரையும் ஊட்டின.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. தோட்டப் பகுதியில் மின்மாற்றிக் கம்பங்கள் அதிகம். பறவை உயரமான இடத்தில் உட்காரும், இறக்கை இரண்டு கம்பிகளைத் தொட்டால் முடிந்தது. அப்படிச் செத்தவை கொஞ்சமல்ல. மின்கம்பத்துக்குக் காப்புறை போடாமல் வல்லூறை மட்டும் கொண்டுவந்து விடுவது பாதி வேலைதான்.

எனக்கு இதில் பிடித்தது, இங்கே யாரும் தானம் செய்யவில்லை என்பது. பறவைக்கு இடம், தோட்டக்காரருக்குத் திராட்சை. இப்படிப்பட்ட ஏற்பாடு விற்பனை சரிந்த ஆண்டிலும் நீடிக்கும்.

#10 மணல்மேடு

தோட்டங்கள் செய்த கெடுதலையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம்.

கலிஃபோர்னியாவில் ரஷ்யன் ஆற்றுப் பகுதி. அங்குள்ள கோஹோ சால்மன் 2005 முதல் அழியும் அபாயத்தில் உள்ள இனமாகச் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. வசந்த காலத்தில் திராட்சை துளிர் விடும்போது உறைபனி விழுந்தால் அந்த ஆண்டு மகசூல் போய்விடும். அதனால் இரவெல்லாம் தண்ணீர் தெளிப்பார்கள். துளிரின் மேல் தண்ணீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம் துளிரைக் காப்பாற்றும். முறை சரிதான். ஆனால் ஒரே இரவில் பல தோட்டங்கள் ஒரே ஓடையிலிருந்து இறைத்தால்? 2008 வசந்தத்தில் நீர்மட்டம் சட்டென்று இறங்கி, மீன் குஞ்சுகள் கரைக் கற்களுக்கு இடையில் சிக்கிச் செத்தன. 2011-ல் மாநில நீர் வாரியம் உறைபனிக் காலத்து நீரெடுப்புக்கு விதி கொண்டுவந்தது.

தீர்வும் தெரிந்ததுதான். மழைக்காலத்தில் குளத்தில் நிரப்பி வைத்துக்கொள்வது, அல்லது காற்றாடி வைத்து மேலே உள்ள சூடான காற்றைக் கீழே தள்ளுவது. இரண்டுக்கும் செலவு உண்டு. ஓரிகனில் 1990-களிலேயே 'சால்மன் சேஃப்' என்று ஒரு சான்றிதழ் வந்தது, திராட்சைத் தோட்டங்களும் அதில் இருக்கின்றன. மீன் படம் போட்ட பாட்டிலைவிட, மீனுக்காகக் குளம் வெட்டிய ஆலைக்கு என் மதிப்பு அதிகம்.

#11 அல்லி

என் கருத்தைச் சொல்லலாமா? யாரையும் புண்படுத்த அல்ல.

நான் மது தொடுவதில்லை. மதுவால் சிதைந்த குடும்பம் ஒன்றை அருகிலிருந்து பார்த்தவள். மது புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே முதல் வகையில் வைத்துவிட்டது. அப்படி இருக்க, 'குடி, காட்டுநாயைக் காப்பாற்று' என்று சொல்வது எனக்கு உறுத்துகிறது. நல்ல காரியத்தின் பெயரால் இன்னொரு கோப்பை குடிக்கத் தூண்டுவது சரியா?

#12 மழைக்குருவி

அல்லி, உங்கள் உறுத்தல் நியாயமானது. தட்டிக்கழிக்க மாட்டேன்.

குடிக்காதவரை விலங்கின் பெயரால் குடிக்க வைப்பது தவறு. காட்டுநாய்க்கு உதவ விரும்புகிறவர் நேராக அந்த அமைப்புக்கே கொடுத்துவிடலாம், முழுத் தொகையும் போய்ச் சேரும். பாட்டில் வழியாகப் போவது அதில் சிறு துளிதான். எப்படியும் ஒயின் வாங்கப்போகிறவர் எதை வாங்குவது என்று தேர்ந்தெடுக்கும் இடத்தில் மட்டும்தான் இந்தப் பேச்சுக்கு அர்த்தம் இருக்கிறது. முதல் பதிவில் இதை நான் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும்.

#13 பீப்பாய்க்காரர்

தாமதமாக வருகிறேன். சின்ன ஒயின் ஆலை ஒன்றைப் பத்து ஆண்டுகளுக்கு மேலாக நடத்துகிறேன். உள்ளிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

கொடி நட்டால் மூன்று ஆண்டுக்கு மகசூலைப் பற்றிப் பேச முடியாது. ஒரு டன் திராட்சையில் 600 முதல் 700 லிட்டர் வரை ஒயின் எடுக்கலாம். சிவப்பு ஒயின் என்றால் பீப்பாயில் ஓர் ஆண்டுக்கு மேலும் கிடக்கும். பணம் முழுக்க நிலவறையில் தூங்கும். பாட்டில், தக்கை, லேபிள் எல்லாம் முன்பணம்.

நாங்கள் ஒரு பறவைப் பாதுகாப்புக் குழுவுக்கு, பாட்டிலுக்கு இவ்வளவு என்று வாக்குக் கொடுத்தோம். முதல் இரண்டு ஆண்டு நன்றாகப் போனது. மூன்றாம் ஆண்டு ஆலங்கட்டி மழையில் பாதி மகசூல் போயிற்று. பாட்டில் பாதி, கொடுத்ததும் பாதி. அந்தக் குழு எங்கள் பணத்தை நம்பி ஒரு களப்பணியாளரை வைத்திருந்தது. அவரை அனுப்ப வேண்டியதாகிவிட்டது. எங்கள் ஆலங்கட்டிக்கு அவர் ஏன் வேலை இழக்க வேண்டும்? எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

அதன் பிறகு முறையை மாற்றினோம். பாட்டில் கணக்கு கிடையாது. எங்களால் மோசமான ஆண்டிலும் கொடுக்கக்கூடிய ஒரு தொகை, ஐந்து ஆண்டுக்கு எழுத்தில். தொகை சிறியது. ஆனால் குழு அதை வைத்துத் திட்டமிட முடிகிறது. விளம்பரத்துக்குப் பாட்டில் கணக்குதான் எடுபடும், ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் வேர்த்தூவி சொன்ன டயருக்கும் பேட்டரிக்கும் இந்த முறைதான் உதவும்.

செங்கால்நாரை சொன்ன விற்பனையா லாபமா என்ற கேள்வியும் சரியானதே. எங்களைப் போன்ற ஆலையில் லாபம் என்ற வரியே சில ஆண்டு காலியாக இருக்கும்.

#14 செங்கால்நாரை

இதை நான் யோசித்ததே இல்லை. சதவீதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பணத்தைப் பெறும் அமைப்பின் பக்கம் என்ன ஆகும் என்று பார்க்கவில்லை. நன்றி, பீப்பாய்க்காரரே.

#15 ஆலம்விழுது

தக்கை என்ற பெயரில் ஒருவர் இருக்கும்போதே யாரும் தக்கையைப் பற்றிப் பேசவில்லை! போர்ச்சுகலிலும் ஸ்பெயினிலும் தக்கை ஓக் காடுகளிலும் ஐபீரிய லின்க்ஸ் என்ற காட்டுப்பூனை வாழ்கிறது. திருகு மூடியை விட்டுவிட்டு இயற்கைத் தக்கை போட்ட பாட்டில் வாங்கினால் லின்க்ஸ் பிழைக்கும். எந்த ஆலையும் இன்றே செய்யலாம்.

#16 தக்கைமரம்

ஆலம்விழுது, பாதி சரி. மீதியைத் திருத்த வேண்டியிருக்கிறது, கோபிக்க வேண்டாம்.

தக்கை எடுக்க மரத்தை வெட்டுவதில்லை, பட்டையை மட்டும் உரிக்கிறார்கள். மரத்துக்கு 25 வயது ஆனதும் முதல் உரிப்பு, அப்புறம் குறைந்தது ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை. நல்ல பாட்டில் தக்கை மூன்றாம் உரிப்பில்தான் கிடைக்கும், அதாவது மரத்துக்கு நாற்பது தாண்டிய பிறகு. நட்டவர் பெரும்பாலும் பேரப்பிள்ளைக்காகத்தான் நடுகிறார். தக்கைக்கு விலை இருக்கும் வரை அந்தக் காட்டை யாரும் யூகலிப்டஸ் தோப்பாக்க மாட்டார்கள். அதுவரைக்கும் நீங்கள் சொன்னது சரி.

ஆனால் லின்க்ஸ் மீண்டது தக்கையால் அல்ல. 2002 வாக்கில் நூறுக்கும் குறைவாக இருந்தது. கூண்டில் இனப்பெருக்கம் செய்து காட்டில் விட்டார்கள். அதன் முக்கிய இரையான முயலைப் பெருக்கினார்கள். சாலையில் அடிபடுவதைக் குறைத்தார்கள். நில உரிமையாளர்களோடு ஒப்பந்தம் போட்டார்கள். 2023 கணக்கில் 2,000-ஐத் தாண்டியது. 2024 ஜூனில் ஐ.யு.சி.என். அதை ஒரு படி குறைந்த அபாய வகைக்கு மாற்றியது. இருபது ஆண்டு உழைப்பு. அதைப் பாட்டில் மூடியின் கணக்கில் எழுதினால் உழைத்தவர்களுக்கு அநியாயம்.

#17 மணல்மேடு

இன்னொன்று. வெப்பநிலை கூடக்கூட திராட்சைத் தோட்டங்கள் இடம் பெயரும். 2013-ல் வந்த ஓர் ஆய்வு, இன்றைய முக்கிய ஒயின் பகுதிகளில் ஏற்ற நிலப்பரப்பு 2050-க்குள் 25 முதல் 73 விழுக்காடு வரை குறையலாம் என்றது. வெப்பவாயு வெளியீடு கட்டுப்படாமல் போனால் என்ற கணக்கு அது. புதிதாக ஏற்றதாகும் இடங்களில் சீனாவின் பாண்டா வாழும் மலைகளும், வட அமெரிக்காவில் யெல்லோஸ்டோனிலிருந்து வடக்கே போகும் விலங்குப் பாதைகளும் வருகின்றன. இனி எங்கே நடுவது என்ற முடிவுதான் பெரிய முடிவு. நன்கொடை அதற்குப் பிறகு.

#18 மழைக்குருவி

இத்தனை பேர் இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. மனசு நிறைந்திருக்கிறது.

என் முதல் கேள்விக்கு இப்போது என்னிடம் விடை இருக்கிறது. சிறு ஆலையால் ஒரு விலங்கினத்தை மீட்க முடியாது. ஆனால் ஒரு வண்டியை ஓட வைக்க முடியும், ஒரு களப்பணியாளரை வேலையில் வைத்திருக்க முடியும், ஒரு ஓடைக் கரையை உழாமல் விட முடியும். நான் வாங்கும் இரண்டு ஆலைகளுக்கு இந்த வாரம் எழுதப்போகிறேன். தொகை நிலையானதா, பணம் பெறும் அமைப்பு எது, திராட்சை எந்த நிலத்திலிருந்து வருகிறது, உறைபனிக்குத் தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறார்கள் என்று கேட்பேன். பதில் வந்தால் இங்கே போடுகிறேன்.

வேர்த்தூவி, உங்களிடம் ஒரு கேள்வி மிச்சம். சில ஆண்டுகளுக்கு முன் க்ரூகர் போனபோது காட்டுநாய்க் கூட்டம் ஒன்றைப் படம் எடுத்தேன். கணினியில் சும்மா கிடக்கிறது. அதனால் யாருக்காவது பயன் உண்டா?

#19 வேர்த்தூவி

நிச்சயம் உண்டு! ஒவ்வொரு நாயின் உடல் திட்டும் தனித்தனி, நம் கைரேகை மாதிரி. க்ரூகரில் சுற்றுலாப் பயணிகள் எடுத்த படங்களை வைத்தே பலமுறை கணக்கெடுத்திருக்கிறார்கள். எடுத்த தேதியும் இடமும் நினைவில் இருக்கிறதா? அதோடு, ஒரு நாயின் இடப்பக்கத் திட்டும் வலப்பக்கத் திட்டும் ஒன்றாக இருக்காது. அதனால் இரண்டு பக்கமும் தெரிகிற படங்கள் எத்தனை இருக்கின்றன என்று பாருங்கள்.

#20 மழைக்குருவி

தேதி கேமராவிலேயே பதிவாகியிருக்கிறது. மொத்தம் பதினொரு நாய்கள், ஏழுக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது. இன்று இரவே பிரித்து அடுக்கிவிடுகிறேன்.